மேயரோடு வார்டையும் பார், கண்ணா

அன்புள்ள கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "மேயர் யார் வந்தா என்னம்மா, ஒண்ணும் மாறப் போறதில்ல, அந்தக் குளிர்ல போய் யாரு நிக்கறது" என்று சொன்னாய். குட்டி அழுதுகொண்டிருந்தாள், அதனால் நான் அப்போது எதுவும் சொல்லவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. அவள் தூங்கின பிறகு நிதானமாக உட்கார்ந்து இதைப் படி.

வரும் 2027 பிப்ரவரி 23 சிகாகோவில் மேயர் தேர்தல். நாங்கள் புறநகருக்கு வந்துவிட்டதால் எனக்கும் அப்பாவுக்கும் அதில் ஓட்டு கிடையாது, உனக்கும் மருமகளுக்கும்தான் இருக்கிறது. அதே நாளில் உன் வார்டுக்கு ஆல்டர்மன், அதாவது நகர மன்ற உறுப்பினர், தேர்தலும் நடக்கிறது. மேயரைப் பற்றியாவது சலித்துக்கொண்டாய், ஆல்டர்மனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

நான் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது ஜேன் பைர்ன் மேயர். அவர் வந்த கதையை ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். 1979 ஜனவரியில் பெரிய பனிப்புயல், தெருக்களில் பனியை அள்ள ஆளில்லை, ரயில்கள் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் நிற்காமலே போயின, வேலைக்குப் போக வேண்டியவர்கள் பிளாட்ஃபாரத்தில் விறைத்துப்போய் நின்றார்கள். ஒரு மாதம் கழித்து, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த டெமாக்ரடிக் கட்சியின் உட்தேர்தலில் அன்றைய மேயர் பிலாண்டிக்கை ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பனியை அள்ளாததற்கு ஒரு மேயர் பதவி போயிருக்கிறது, நீ என்னடாவென்றால் ஒன்றும் மாறாது என்கிறாய்.

அப்புறம் 1983. அப்போது என்னிடம் கிரீன் கார்டுதான் இருந்தது, ஓட்டு இல்லை. கறுப்பினத்தவரான ஹெரால்ட் வாஷிங்டன் அதற்கு முன் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். மேயருக்கு நிற்கச் சொல்லிக் கேட்டபோது, முதலில் 50,000 பேரையாவது புதிதாக வாக்காளர் பட்டியலில் சேர்த்துக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றாராம். ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்துக் காட்டினார்கள். சர்ச் வாசல், உதவித்தொகை அலுவலகம், மளிகைக் கடை என்று ஆள் கூடும் இடமெல்லாம் போய்ச் சேர்த்தார்கள். உட்தேர்தலில் ஜேன் பைர்ன் ஒரு பக்கம், பழைய மேயர் டேலியின் மகன் இன்னொரு பக்கம், இருவருக்கும் நடுவில் வாஷிங்டன் சுமார் 36 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார்.

சிகாகோவில் டெமாக்ரடிக் கட்சி வேட்பாளர் என்றால் பாதி மேயர் ஆகிவிட்ட மாதிரிதான், 1931க்குப் பிறகு ரிபப்ளிகன் மேயரே கிடையாது. அந்த ஒரு தடவை மட்டும் அப்படி இல்லை. ஆயுசு முழுக்க டெமாக்ரட்டாக இருந்த வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ரிபப்ளிகன் எப்டன் பக்கம் சாய்ந்தார்கள். 'காலம் கடந்துவிடும் முன்' என்பது எப்டனின் விளம்பர வாசகம். எதற்கு முன் என்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள் யூனிஃபாரத்தில் நீல பேட்ஜ் குத்திக்கொண்டு வருவார்கள். ஏப்ரல் 12 அன்று இரவு ஷிஃப்டில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. பதிவுசெய்த வாக்காளர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் வந்து ஓட்டுப் போட்ட தேர்தல் அது. வாஷிங்டன் 50,000க்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சரி, இனிமேல் சொல்வதுதான் நீ கவனிக்க வேண்டியது. ஜெயித்தார், சந்தோஷப்பட்டோம், எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். நகர மன்றத்தில் 50 ஆல்டர்மன்கள். அதில் 29 பேர் எட்வர்ட் வெர்டோலியாக், எட்வர்ட் பர்க் இருவரின் பின்னால் ஒன்றாக நின்றுகொண்டார்கள், மேயர் பக்கம் 21 பேர்தான். மே மாதம் முதல் கூட்டத்திலேயே மேயர் ஒத்திவைத்துவிட்டு வெளியேற, அந்த 29 பேரும் உட்கார்ந்து கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தி எல்லாக் கமிட்டிகளையும் தங்கள் கைக்குள் போட்டுக்கொண்டார்கள். மேயர் நியமித்தவர்களின் பெயர்கள் கமிட்டியிலேயே கிடந்து தூங்கின. அவர்கள் கொண்டுவருவதை மேயர் வீட்டோ செய்து தடுப்பார், அதை மீற 34 பேர் வேண்டும், அவர்களிடம் 29தான். ஆக இவர் நினைத்ததும் நடக்காது, அவர்கள் நினைத்ததும் நடக்காது. மூன்று வருஷம் இப்படியே போனது. அத்தனை லட்சம் பேர் வரிசையில் நின்று தேர்ந்தெடுத்த ஒருவரின் கையைக் கட்டிப்போட 29 வார்டுகள் போதுமாக இருந்தன.

அந்தக் கட்டு அவிழ்ந்ததும் வார்டுகளில்தான். கறுப்பின, லத்தீன் மக்களுக்கு அநியாயம் செய்யும்படி வார்டு எல்லைகளை வரைந்திருக்கிறார்கள் என்று வழக்குப் போட்டு, கோர்ட் உத்தரவால் 1986ல் ஏழு வார்டுகளில் மறுபடி தேர்தல் நடந்தது. 26வது வார்டில் லூயிஸ் குட்டியரஸ் இரண்டாம் சுற்று வரை போய் ஜெயித்தார், பின்னாளில் பல வருஷம் காங்கிரஸில் இருந்தாரே, அவர்தான். மன்றம் 25க்கு 25 ஆனது, சமநிலையை உடைக்கும் ஓட்டு மேயருடையது. அதன் பிறகுதான் அவரால் ஆள முடிந்தது. 1987ல் மறுபடி ஜெயித்தார், அதே நவம்பர் 25ல் சிட்டி ஹாலில் அவருடைய மேஜையிலேயே மாரடைப்பு வந்து இறந்துவிட்டார். நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். வளர்ந்த பிறகு ஸ்டேட் தெருவில் பெரிய நூலகத்துக்கு உன்னை அழைத்துப் போவேனே, அதற்கு அவர் பெயர்தான். முழுசாக ஆள அவருக்குக் கிடைத்தது ஒன்றரை வருஷம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உனக்குப் பிடித்த மேயர் வந்தாலும் சரி, பிடிக்காதவர் வந்தாலும் சரி, மன்றத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. உன் தெருமுனைக் காலி மனையில் மூன்று மாடி வரலாமா, பத்து மாடி வரலாமா என்று நீ புலம்பினாயே, அதில் மேயரைவிட உன் ஆல்டர்மனின் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம். வார்டுக்குள் சாலை, நடைபாதை, விளக்கு என்று செலவு செய்ய ஒவ்வொரு ஆல்டர்மனுக்கும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கிடைக்கிறது. சொத்து வரி உயர்ந்துவிட்டது என்று கோபப்படுகிறாய், நகரத்தின் பங்கு எவ்வளவு என்று பட்ஜெட்டில் கைதூக்குவதும் இந்த 50 பேர்தான்.

2023ல் பிராண்டன் ஜான்சனும் பால் வாலஸும் மோதிய மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் வந்து ஓட்டுப் போட்டவர்கள் 40 சதவீதம்கூட இல்லை, வித்தியாசம் சுமார் 26,000 ஓட்டு. 27 லட்சம் பேர் வாழும் ஊர் இது! வார்டு தேர்தலில் சில நூறு ஓட்டில் முடிவாவது சாதாரணம். உன் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் இருப்பவர்களே போதும்.

யாருக்குப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், நீ கேட்கவும் மாட்டாய். முதலில் உன் வீடு எந்த வார்டில் வருகிறது என்று பார், சில வருஷம் முன்புதான் எல்லைகளை மாற்றினார்கள். இப்போதைய ஆல்டர்மன் பட்ஜெட்டில் எப்படி ஓட்டுப் போட்டார் என்று தேடிப் படி, எதிர்த்து நிற்பவரின் கூட்டம் ஒன்றுக்காவது போய்வா. குளிருக்குப் பயமென்றால் தபால் ஓட்டுக்கு விண்ணப்பித்துக்கொள், காரணம் எதுவும் கேட்க மாட்டார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் ஏப்ரல் 6 மறுபடி ஓட்டுப் போட வேண்டியிருக்கும், ஆல்டர்மனுக்கும் அதே விதிதான், அந்த வாரம் வெளியூர் டிக்கெட் எதுவும் போட்டுவிடாதே.

மருமகளிடமும் இதைக் கொடு. நேரில் போய்த்தான் போடுவோம் என்றால் குட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், அப்பா வந்து கூட்டிக்கொண்டு வருவார்.

அன்புடன்,
அம்மா