கடைமடையைக் காப்பது வடிகால்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒவ்வோர் ஆண்டும் டெல்டா மாவட்டங்களில் ஆய்வுக் கூட்டங்கள் நடக்கின்றன. மணல் மூட்டைகள், மின்கம்பங்கள், நிவாரண முகாம்கள் எல்லாம் தயார் நிலையில் இருப்பதாக அறிவிக்கப்படுகிறது. இவை வேண்டியவையே. ஆனால், நாகப்பட்டினம் மாவட்டத்தில், காவிரிப் பாசனம் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நெல் சாகுபடி செய்யும் எங்களைப் பெரும்பாலான ஆண்டுகளில் நட்டப்படுத்துவது காற்றைவிட வடியாத தண்ணீர்தான் என்பதையும், அந்தத் தண்ணீரை வடியவைக்கும் பணி தவறான மாதத்தில் நடக்கிறது என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எங்கள் பகுதியின் பருவம் யாரும் அறியாதது அல்ல. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 92 செ.மீ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. நாகைக் கடலோரத்திலோ ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், எங்களில் பலர் குறுகிய காலப் பயிரான குறுவையை விட்டுவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் நீண்ட காலப் பயிரான சம்பாவை நேரடி விதைப்பாகத் தெளித்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறோம். காத்திருந்த மழை பருவத்தோடு வரும்போது பயிர் கணுக்கால் உயரமோ முழங்கால் உயரமோதான் இருக்கும். அந்த வேளையில் ஒரு புயலோ காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ இரண்டு நாள் கரையோரம் நின்றுவிட்டால் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் போய்விடுகிறது.

1952, 1955, 1977 ஆகிய ஆண்டுகளின் புயல்களை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் ஆண்டைச் சொல்லியே பேசுகிறார்கள். 1977 நவம்பர் 12 அன்று நாகையைத் தாக்கிய புயலில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இந்த ஒரு மாவட்டத்திலேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன் பிறகு முன்னெச்சரிக்கை முறை வெகுவாக மேம்பட்டதை நன்றியோடு சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். வேதாரண்யம் முதல் பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கடல் தள்ளிக்கொண்டு வந்த சேறு உப்பளங்களையும் வீடுகளையும் மூடியது. அத்தனை சேதத்திலும் உயிரிழப்பு நூறைத் தாண்டவில்லை என்றால், அது திட்டமிட்டுச் செய்த வேலையின் பலன். உயிரைக் காக்க முடிந்த அரசால் பயிரையும் காக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

புயல் என்றாலே காற்றின் வேகத்தைக் கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. 2008 நவம்பரில் வந்த நிஷா புயலைக் காற்றுக்காக யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 செ.மீ.க்கும் மேல் பெய்த மழைக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். 2020 டிசம்பரில் புரெவி, கரையைக் கடக்கும் முன்பே வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. புயல் கரைந்துவிட்டது என்று மக்கள் ஆறுதல் அடைந்த அந்த நாட்களில்தான் கொள்ளிடம், சிதம்பரம் பகுதிகளில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கும் அதிகமான மழை பெய்து, டெல்டா முழுவதும் சம்பா வயல்கள் தண்ணீருக்குள் போயின. அடுத்த மாதமே, 2021 ஜனவரியில், கதிர் முற்றிய நேரத்தில் மீண்டும் மழை. 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைத்தது.

மூழ்கிய பயிர் எப்படிச் சாகிறது என்பதை வயலில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். முதல் மூன்று நாள் தோகையின் நுனி தண்ணீருக்கு மேலே தெரியும். அதுவரை நம்பிக்கை இருக்கும். ஐந்தாம் நாளுக்கு மேல் அடித்தண்டு கொழகொழத்து, கையால் இழுத்தால் வேர் மண்ணிலேயே நிற்கத் தண்டு மட்டும் கையோடு வந்துவிடும். தண்ணீரிலிருந்து அழுகல் வாடை எழும். மூழ்குதலைத் தாங்கக்கூடிய சி.ஆர்.1009 சப்-1 போன்ற ரகங்கள் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால், அவையும் தண்ணீர் வடிந்தால்தான் மீண்டும் துளிர்க்கும். வடியாத வயலில் எந்த ரகமும் நிற்காது.

தண்ணீர் ஏன் வடிவதில்லை? எங்கள் நிலத்துக்கு இயற்கையாகவே வாட்டம், அதாவது சரிவு, மிகக் குறைவு. வெண்ணாற்றின் கிளைகளான வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு ஆகியவை மேலே தஞ்சை, திருவாரூரில் பெய்த மழையையும் சுமந்துகொண்டுதான் எங்களிடம் வருகின்றன. பாசனத்துக்கு வரும்போது கடைசியில் இருக்கும் நாங்கள், வெள்ளம் வரும்போது எல்லாருடைய தண்ணீரையும் முதலில் தாங்க வேண்டியவர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும்போது முகத்துவாரம் தண்ணீரை உள்வாங்காது, எதிர்த்துத் தள்ளும். கடல் இறங்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் எவ்வளவு வடிகிறதோ அவ்வளவுதான் எங்கள் பயிர். அந்த நேரத்தில் வடிகாலை ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டிருந்தால் கடல் இறங்கியும் பயனில்லை. சாலைகளை உயர்த்திப் போடும்போது, பழைய அகலமான பாலங்கள் இருந்த இடத்தில் இரண்டு சிமென்ட் குழாய்களைப் பதித்துவிட்டுப் போகிற வழக்கமும் வந்துவிட்டது.

சிறப்புத் தூர்வாரும் பணி ஆண்டுதோறும் நடக்கிறது. 2023இல் இதற்காக 90 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இதைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. ஆனால், அந்தப் பணி ஏப்ரல் கடைசியில் தொடங்கி, மேட்டூர் திறப்புக்குள் முடிய வேண்டும் என்ற கணக்கில் நடக்கிறது. அதாவது, தண்ணீரைக் கொண்டுவருவதற்கான பணி அது. மே மாதத்தில் பொக்லைன் இறங்கிச் சுத்தம் செய்த வடிகாலில், ஜூலையில் ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்தவுடன் ஆகாயத்தாமரை மீண்டும் பற்றிக்கொள்கிறது. செப்டம்பர் முடிவதற்குள் மேலே நடந்து போகலாம் என்னும் அளவுக்கு மண்டிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. மே மாதத்தில் செய்த வேலை அக்டோபர் வெள்ளத்துக்கு எப்படி உதவும்? வெள்ளம் வந்த பிறகு அவசர அவசரமாகப் பொக்லைனைக் கொண்டுவந்தால், ஈரக் கரையில் அது இறங்கவும் முடிவதில்லை. கடைசியில் விவசாயிகளே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அரிவாளால் அறுத்துக் கரையில் இழுத்துப் போடுகிறார்கள்.

பிறகு கணக்கெடுப்பு வருகிறது. 2022-26 ஆண்டுகளுக்கான பேரிடர் நிவாரண விதிகளின்படி 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். அதாவது ஏக்கருக்கு ஏழாயிரம் ரூபாய்கூட இல்லை. உழவு, விதை, உரம், களையெடுப்பு என்று அதைப்போலப் பல மடங்கு செலவிட்டவர்களுக்கு இது எந்த மூலைக்கு? கோயில், மடங்களின் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர்களில் பலருக்கு, அடங்கல் என்னும் கிராமப் பயிர்ப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் அதுவும் கிடைப்பதில்லை. பயிர்க் காப்பீட்டில் தனி வயலுக்கான வெள்ள இழப்பு 2018இல் நெல்லுக்கு நீக்கப்பட்டது. அதை, ஜூனை ஒட்டித் தொடங்கும் 2026 காரிஃப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய அரசு அறிவித்திருப்பது நல்ல செய்தி. அது எங்கள் சம்பாவுக்கும் முழுமையாகக் கிடைக்க வேண்டும். ஆயினும், இழப்பீடு என்பது இழந்த பிறகு வருவது. நாங்கள் முதலில் கேட்பது இழக்காமல் இருக்க ஒரு வழி.

வெண்ணாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு பெரிய ஆறுகளின் கரைகள் பலப்படுத்தப்பட்டு, கட்டுமானங்கள் சீரமைக்கப்பட்டன. ஆறு சரியானாலும், வயலிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீரைக் கொண்டுசேர்க்கும் சிறு வடிகால்கள் அப்படியே கிடக்கின்றன. ஆகவே, கோடைத் தூர்வாரலுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதியை வடிகால்களுக்கென்றே பிரித்து வைத்து, செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை இரண்டாம் சுற்றுப் பணியாகச் செலவிட வேண்டும். எந்தெந்த வடிகால் என்ற பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரும் விவசாயிகளும் சேர்ந்து முடிவுசெய்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். கடைமடை மதகுகளின் பலகைகளைக் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஏற்றி இறக்க, பருவமழை முடியும்வரை இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டும். இப்போது ஒரே பணியாளர் பல மதகுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில், நள்ளிரவில் கடல் இறங்கும்போது பலகை மூடியே கிடக்கிறது. இந்த ஆண்டுப் பருவமழைக்கு முன் குறைந்தபட்சம் தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம் ஒன்றியங்களிலாவது இதைத் தொடங்கி வைக்குமாறு நீர்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
தலைஞாயிறு, நாகப்பட்டினம் மாவட்டம்.