ஜார்ஜ் மைக்கனுக்கு எந்த இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த எக்காலத்துக்குமான கூடைப்பந்து வீரர்கள் வரிசையில், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் என்பிஏ லீகில் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு ஆடிய ஜார்ஜ் மைக்கன் முதல் ஐம்பதில் இல்லை. ஆட்டத்துக்கு 23.1 புள்ளி, 40 சதவீத ஷூட்டிங் என்ற கணக்கை இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் அப்படித்தான் வரும். அந்தக் காலத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும்.

1950-51 சீசனில் ஓர் அணியின் சராசரியே 84 புள்ளிதான். மைக்கன் தனி ஆளாக 28.4 எடுத்தார், இரண்டாமிடத்தில் இருந்த அலெக்ஸ் குரோசாவுக்கு 21.7. லீக் முழுவதும் எறிந்ததில் 36 சதவீதமே வளையத்தில் விழுந்தபோது அவருக்கு 43. குறித்த விநாடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக் விதி அப்போது இல்லாததால், அவரை எதிர்கொள்ள முடியாத அணிகள் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரம் கடத்தின. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் 19-18 என்று வென்றது அப்படித்தான். லேக்கர்ஸின் அந்த 18-இல் மைக்கனுடையது 15.

வெறும் உயரத்தால் வந்த பெயர் என்பதையும் ஏற்க முடியாது. 6 அடி 10 அங்குல உடம்போடு தடுமாறியவரை டிபால் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ரே மேயர் கயிறு தாண்டவும் நடனம் கற்கவும் வைத்துத்தான் செதுக்கினார். வளையத்தின் கீழ் நின்று வலப்பக்கம் வலக்கையாலும் இடப்பக்கம் இடக்கையாலும் மாறி மாறிப் போடும் 'மைக்கன் டிரில்' இன்றும் வளையத்தருகே ஆடும் உயரமான வீரர்களான சென்டர்களுக்கு அரிச்சுவடி. பந்து தரையைத் தொடக் கூடாது, தாடைக்குக் கீழே இறங்கக் கூடாது. இறக்கினால் எதிரணியின் குட்டையான வீரர்கூடத் தட்டிவிடுவார்.

1951-52-இல் வளையத்தின் முன்னால் கோடிட்ட பகுதியான லேனின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். அதற்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதிக்கு அஞ்சி மைக்கன் விலகி நிற்க வேண்டியதாயிற்று. ஒரே எட்டில் ஹூக் ஷாட் (ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்து எறிவது) போடும் தூரம் போய்விட்டது. சராசரி 23.8 ஆகவும் ஷூட்டிங் 38.5 சதவீதமாகவும் இறங்கின. ஆனாலும் 1952, 53, 54 மூன்று ஆண்டும் கோப்பை மினியாபொலிஸுக்கே. 1949, 50 சேர்த்தால் ஐந்து. அதற்கு முன் அவர் ஆடிய என்பிஎல் என்ற வேறொரு லீகின் பட்டங்களையும் கூட்டி ஏழு என்போர் உண்டு. இந்த ஐந்தே போதும்.

கழிக்க வேண்டியதையும் கழிக்கத்தான் வேண்டும். 1950 வரை என்பிஏ கறுப்பின வீரர்களுக்குக் கதவடைத்திருந்தது. பிறகும் சிலரே உள்ளே வந்தனர். 1948-இல் கறுப்பின வீரர்களின் அணியான ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் இதே லேக்கர்ஸை 61-59 என வீழ்த்தியது, வெளியே நிறுத்தப்பட்டவர்களின் தரத்துக்குச் சான்று. மைக்கன் 439 ஆட்டங்களே ஆடியிருப்பதும் குறைதான்.

இத்தனையும் கழித்தால் அடுத்து வந்த சென்டர்களான ரஸ்ஸல், சேம்பர்லைனுக்கு நன்றாகவே பின்னால், 1950-களின் இன்னொரு நட்சத்திரமான பாப் பெட்டிட்டுக்கு ஒரு படி முன்னால், 15-க்கும் 20-க்கும் நடுவே அவர் இடம் என்பது என் கணிப்பு. 1955-56-இல் திரும்பி வந்து 37 ஆட்டங்களில் 10.5 எடுத்ததைக் காட்டி, ஷாட் கிளாக் வந்ததும் அவர் சாயம் வெளுத்தது என்பார்கள். ஒரு சீசனுக்கு மேல் களத்தை விட்டு விலகியிருந்தவரின் எண்கள் அவை. வரிசைப்படுத்தும்போது அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து வாசகர்