மூன்று பக்கத்துக்கு மூன்று மணி நேரம்

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ இந்த வயதில் தத்துவம் படிக்கச் சேர்ந்ததை மணியிடம் சொன்னேன். "இனி அவனிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது" என்கிறான். முன்பு மட்டும் முடிந்ததா என்ன!

"3 பக்கக் கட்டுரையைப் படிக்க 3 மணி நேரம் ஆகிறது, மூளை மழுங்கிவிட்டதோ" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி மனதைவிட்டுப் போகவில்லை. இல்லையப்பா. அறிவு என்றால் என்ன என்று 1963இல் அமெரிக்கத் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் எழுதிய அந்தக் கட்டுரைக்கு அவ்வளவு நேரம் கொடுக்கத்தான் வேண்டும். சலிப்பில் முதலில் சுருக்கத்தைப் படித்துவிடுகிறாய் என்பதுதான் எனக்குக் கவலை. சுருக்கம் முடிவை மட்டும் கையில் கொடுக்கும். பரீட்சையில் கேட்பது அந்த முடிவுக்குப் போன வழியை.

அந்தக் கட்டுரையையே எடு. தக்க காரணத்தோடு நம்புகிறோம், நம்புவது உண்மையாகவும் இருக்கிறது என்றால் அதுதான் அறிவு என்பது பழைய விளக்கம். அது போதாது என்று காட்டக் கெட்டியர் ஒரு கதை சொல்கிறார். ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் ஒரே வேலைக்கு மனுப் போடுகிறார்கள். ஜோன்ஸுக்குத்தான் வேலை என்று நிறுவனத் தலைவரே ஸ்மித்திடம் சொல்லியிருக்கிறார். ஜோன்ஸின் பையில் 10 நாணயம் இருப்பதையும் ஸ்மித் எண்ணிப் பார்த்திருக்கிறான். ஆகவே, "வேலை கிடைக்கப்போகிறவன் பையில் 10 நாணயம் உண்டு" என்று நம்புகிறான். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. அவனுக்கே தெரியாமல் அவன் பையிலும் 10 நாணயம்! நம்பியது உண்மை, காரணமும் வலுவானது. ஆனாலும் அவனுக்கு அது தெரிந்திருந்தது என்று சொல்ல நாக்கு வருமா?

எல்லோரும் நேரே நாணயக் கதைக்குத் தாவிவிடுவார்கள். அதற்கு முன்னாலேயே கெட்டியர் இரண்டு விஷயங்களை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார். ஒன்று, பொய்யான ஒன்றைக்கூடத் தக்க காரணத்தோடு நம்ப முடியும். இரண்டு, அப்படி நம்பும் ஒன்றிலிருந்து முறையாக வருவித்ததை நம்பவும் அதே காரணம் போதும். இந்த இரண்டில் ஒன்றை உருவினால் கட்டுரை முழுதும் சரியும். மறுக்க நினைத்தால் அங்கேதான் கைவைக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று முறை படி. முதல் முறை பென்சிலைத் தொடாதே, முடிவு எது என்று மட்டும் பார். இரண்டாவது முறை, ஒவ்வொரு கூற்றையும் உன் வார்த்தையில் எண் போட்டுத் தனித்தாளில் எழுது. மூன்றாவது முறை, எந்த எண்ணை அடித்தால் முடிவு நிற்காது என்று சோதி.

கட்டுரை எழுதும்போதும் அந்தத் தாள்தான் துணை. "எனக்கு உடன்பாடில்லை" என்று எழுதினால் மதிப்பெண் விழாது, 2ஆம் கூற்று ஏன் தவறு என்று காட்டினால் விழும். எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி பலமாக எடுத்துவைத்துவிட்டு மறு. 1500 சொல்லில் ஐந்து தத்துவவாதிகளைத் திணிக்காதே, ஒரே வாதம் போதும். "மனிதன் சிந்திக்கத் தொடங்கிய காலம் முதல்" என்று தொடங்கவே தொடங்காதே.

பிளேட்டோவை மேற்கோள் காட்டும்போது உன் பதிப்பின் பக்கத்தைப் போடாமல் ஓரத்தில் இருக்கும் ஸ்டெஃபானஸ் எண்ணை, அதாவது எல்லாப் பதிப்புக்கும் பொதுவான பக்க எண்ணைப் போடு. காண்டின் 'தூய அறிவின் விமர்சனம்' நூல் என்றால், பக்க எண்ணுக்கு முன்னால் 1781 பதிப்புக்கு ஏ, 1787 பதிப்புக்கு பி என்று போடு. எந்த மொழிபெயர்ப்பை வைத்திருப்பவரும் அந்த இடத்தைத் தேடி எடுத்துவிடலாம்.

தர்க்கப் பயிற்சியைத் தினமும் அரை மணி நேரமாவது போடு, சேர்த்துவைத்தால் எழவே முடியாது. மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்று உன் கடிதத்தில் எழுதியிருந்தாய். யாராவது வாளியைக் கவிழ்த்திருந்தால்?

அடுத்த கடிதத்தோடு எண் போட்ட அந்தத் தாளையும் வைத்து அனுப்பு. நான் சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
ரகு