தூக்கட்டா? எடுக்கணோ?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் இரண்டு மொழி புழங்கினால் குழந்தை குழம்பிவிடும், பேச்சு தாமதமாகும் என்று சென்ற இதழின் குழந்தை வளர்ப்புப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வந்து பார்த்திருந்தால் அப்படி எழுத மனம் வந்திருக்காது. இங்கே வீட்டுக்குள் தமிழ், ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் மலையாளம். குழந்தையை எந்த மொழியிலிருந்து ஒளித்து வைப்பது?

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. கை இரண்டையும் மேலே நீட்டி, எக்கி நின்றுகொண்டு என்னிடம் "தூத்தட்டா?" என்பான். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியைக் கண்டால் "எக்கணோ?" என்பான்; மலையாளத்தில் "எடுக்கணோ?" என்றால் "தூக்கணுமா?" என்று அர்த்தம். குழம்பினவன் இப்படி ஆள் பார்த்துப் பேசுவானா?

'தூக்கு' என்று சொல்லாமல் 'தூக்கட்டா' என்று கேட்கிறானே, அதுதான் குழப்பம் என்கிறார் சம்பந்தியம்மா. அது வேறு கதை. நாம் குனிந்து "தூக்கட்டா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டேதான் அவனை அள்ளுகிறோம். சேச்சி "எடுக்கணோ?" என்று கேட்டுவிட்டு எடுக்கிறார். அடுத்த நொடி அவன் இடுப்பில் இருக்கிறான். அப்புறம் அவன் கணக்கில் தூக்குவதற்குப் பெயரே அதுதானே? ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தைகளும் தூக்கச் சொல்லி "ஹோல்ட் மீ" (என்னைத் தூக்கு) என்பதற்குப் பதில் "ஹோல்ட் யூ" (உன்னைத் தூக்கு) என்று கை நீட்டுவதுண்டு. பேசுகிறவரைப் பொறுத்து 'நான்' 'நீ' மாறும் என்பது பிடிபட அவர்களுக்குக் கொஞ்ச காலம் ஆகும். அதற்காக "சரியாச் சொல்லு, அப்பத்தான் தூக்குவேன்" என்று அழவைக்க வேண்டாம். அவன் சொல்ல வேண்டியதை நாமே "அம்மிச்சி, தூக்கு" என்று சொல்லிக்கொண்டு தூக்கினால் போதும். என் முழங்கால் வலிக்கு நின்று பாடம் நடத்தவும் முடியாது.

கவலைப்பட வேண்டிய குழந்தைகள் வேறு. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதிலும் வேண்டியதை விரலால் காட்டாத குழந்தை, இரண்டு வயதுக்குப் பிறகும் இரண்டு சொல் சேர்க்காத குழந்தை. ஒரே மொழி பேசும் வீடானாலும் சரி, இரண்டு மொழி வீடானாலும் சரி, காதையும் பேச்சையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். இரண்டு மொழி வீட்டுக் குழந்தைக்கு எத்தனை சொல் தெரியும் என்பதை இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 'ரெண்டு பாஷை வீடு, அதான் லேட்டு' என்று பெற்றோர் சும்மா இருந்துவிட உங்கள் கட்டுரை இடம் கொடுக்கிறது.

அடுத்த இதழில் இதையும் போடுங்கள். சேச்சி வீட்டுக்குப் பேரனை அனுப்புவதை நிறுத்திவிடலாமா என்று அந்தப் பக்கத்தைக் காட்டி என் மகள் கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வண்ணாமடை, பாலக்காடு மாவட்டம்.