வீட்டை எழுதிக்கொடுக்கும் முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது, பேரன் சத்தம் இல்லாமல் எனக்குப் பகல் தூக்கம்தான் கூடியிருக்கிறது.

வீட்டைச் சின்னவன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, சரிப்படாவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அதை நம்பி இறங்காதே. பத்திரம் பதிவாகி அவனும் ஏற்றுக்கொண்டுவிட்டால், மனசு மாறியது என்பதற்காக நீ மட்டும் திரும்ப வாங்க முடியாது.

1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. இன்னது நடந்தால் தானம் ரத்து என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த 'இன்னது' உன் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. 'நான் நினைத்தபோது திரும்ப எடுப்பேன்' என்று எழுதினால் அந்தத் தானமே செல்லாது. சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு: லட்ச ரூபாய் கொடுத்து, அதில் 10,000 ரூபாயை வேண்டும்போது எடுத்துக்கொள்வேன் என்றால், 90,000க்குத்தான் தானம் செல்லும், அந்தப் பத்தாயிரம் கைமாறவே இல்லை. மற்றபடி ஏமாற்றியோ மிரட்டியோ எழுதி வாங்கியிருந்தால் ரத்து கேட்கலாம். ஆனால் அதை நிரூபிக்க சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

நமக்கு இன்னொரு வழி உண்டு. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம், 23ஆம் பிரிவு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளை கைவிட்டால், பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். நம்மூரில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.தான் விசாரிப்பார். நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஒரு தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில், பராமரிப்பேன் என்று மகன் தனியாக எழுதிக்கொடுத்த தாள் இருந்தது.

ஆகவே 'அன்பினால் எழுதிக்கொடுக்கிறேன்' என்பதோடு நிறுத்தாதே. சாப்பாடு, வைத்தியம், நீங்கள் இருவரும் ஆயுள்வரை அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமை, எல்லாவற்றையும் எழுதச் சொல். பையன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அதுவும் இப்போதே தெரிவது நல்லதுதான். என்னைக் கேட்டால் உயிலே போதும். அதை எத்தனை முறையும் மாற்றலாம்.

பத்திர வரைவு தயாரானதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
மூர்த்தி