கற்றுக்கொடுத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், ‘நோயாளியிடம் பேசும் முறையை ஆப்பிரிக்கர்களுக்கு மேலைநாட்டு நிபுணர்களே கற்றுக்கொடுத்தனர்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. பெரிய மனது உங்கள் கட்டுரையாளருக்கு!

தங்களுக்குத் தெரியாததல்ல. உகாண்டாவில் 1987இல், எய்ட்ஸால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணைநிற்கும் ‘டாசோ’ அமைப்பைத் தொடங்கிய நோரின் கலீபா, கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தவர். இங்கிலாந்தில் கணவருக்குக் கிடைத்த பரிவைக் கண்டு வந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்களையே கூட்டி, ஊருக்குத் தக்கபடி அதை வளர்த்தது யார்? பெயர் கேட்காமல் பரிசோதிக்கும் மையம் அந்நாட்டுத் தலைநகர் கம்பாலாவில் 1990லேயே வந்துவிட்டது.

நான் சாம்பியாவில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஜிம்பாப்வே என்றிருக்கும் சிருண்டு எல்லைப் பக்கம் ஆய்வக வேலையில் இருந்தவள். முடிவைச் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர், பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஜிம்பாப்வே நர்ஸ். ஒரு கரையில் பரிசோதனை செய்துகொண்ட லாரி ஓட்டுநரை மறுகரையில் ‘இந்தச் சீட்டு இங்கே செல்லாது’ என்று திருப்பி அனுப்புவார்கள். இரண்டு பக்கத்து நர்ஸ்களும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டுதான் அதைச் சரிக்கட்டினார்கள். நிபுணர்களும் வந்தார்கள். ஹோட்டலில் வகுப்பு நடத்தினார்கள். மதியச் சாப்பாடு பிரமாதம்.

வீட்டிலேயே சுயமாகப் பரிசோதித்துக்கொள்ளும் முறையை 2015இல் மலாவி, சாம்பியா, ஜிம்பாப்வே மூன்றும் ஒரே திட்டத்தில் சேர்ந்து முயன்றன. பணம் வெளியார் பணம்தான். கிராமம் கிராமமாகப் பரிசோதனைக் கருவிப் பெட்டியைச் சுமந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அடுத்த ஆண்டே உலகச் சுகாதார நிறுவனம் அந்த முறையைப் பரிந்துரைத்தது. இதெல்லாம் கட்டுரைக்குள் அடங்காதாம். எலும்பும் தோலுமாக ஒரு குழந்தையின் படம் மட்டும் முக்கால் பக்கத்துக்கு அடங்குகிறது! ஆப்பிரிக்கா என்றாலே அந்தப் படம்தானா என்று முன்பும் எழுதிக் கேட்டேன். கடிதம் வெளிவரவில்லை, இடப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டேன்.

நம் ஊரில் எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் இடத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை மாட்டிவிட்டு, மருந்து வாங்கும் வரிசைக்கு எல்லாம் கேட்கும்படி கதவைத் திறந்துபோட்டுப் பேசிய இடத்தையும் பார்த்திருக்கிறேன். யாருக்கு யார் பாடம் எடுப்பது?

அந்த வரிக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். பரிசோதனைக்குக் காத்திருப்பவர்களின் முகம் தெரியும் படங்களை இனிப் போடாதீர்கள். இதற்கு அதிக இடம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.