வெள்ளை அரிசியும் மங்கையக்கா வீட்டுக் கோழியும்

மஞ்சக்குப்பம், கடலூர்
22 ஜனவரி 2025

அன்புள்ள மாணிக்கம்,

பொங்கலுக்கு நீ அனுப்பிய கரும்புப் படம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. போனில் கூப்பிட்டால் பாதி நேரம் உனக்குக் காது கேட்பதில்லை, மீதி நேரம் உன் பேரன் எடுத்து "தாத்தா தூங்குறாரு" என்று வைத்துவிடுகிறான். அதனால் பழையபடி பேனாவை எடுத்துவிட்டேன். கை லேசாக நடுங்குகிறது. உன் ஸ்லைடு லேபிள்களையே படித்தவன் நான், என் எழுத்தை நீ படிக்க மாட்டாயா என்ன?

புயல் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபெஞ்சல் கரையேறிய நவம்பர் 30ஆம் தேதி பாண்டியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது என்றபோது உன் வீட்டு மாடிப்படிதான் நினைவுக்கு வந்தது. இங்கே மழை ஒரு பக்கம், சாத்தனூர் அணை இன்னொரு பக்கம். 1.6 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரையை மீறி வந்ததில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு. வீட்டுக்குள் வரவில்லை, திண்ணையோடு நின்றுவிட்டது. விஜயா மட்டும் ஊறுகாய் ஜாடிகளைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு, அவற்றைத் திரும்ப இறக்க இன்னும் என்னைத்தான் நச்சரிக்கிறாள்.

தண்ணீர் வடிந்த பிறகு தெருப் பையன்கள் எங்கிருந்தோ ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டை கொண்டுவந்தார்கள். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்று சட்டமாகக் கணக்குச் சொன்னேன். மூட்டையைப் பிரித்தபோது மூக்கில் ஏற வேண்டிய நெடி ஏறவில்லை. ஈரத்தில் கிடந்து குளோரின் எல்லாம் போய் வெறும் சுண்ணாம்பாகிவிட்டது. அதைத் தொட்டியில் போட்டிருந்தால் தண்ணீர் வெள்ளையாகியிருக்கும், எல்லாரும் நிம்மதியாகக் குடித்திருப்பார்கள். வேறு மூட்டை வாங்கிவரச் சொன்னேன். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் என் மூக்கு இன்னும் வேலை பார்க்கிறது என்பதில் ஒரு சின்ன கர்வம்.

அந்தக் கர்வம் பத்து நாளில் இறங்கியது. ஒரு மெஸ்ஸில் சூரை மீன் குழம்பு சாப்பிட்டேன். முதல் துண்டிலேயே நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்றது. காரம் தூக்கல் போல என்று சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அரை மணிக்குள் முகமெல்லாம் சிவந்து, தலை விண்விண்ணென்று தெறித்தது. ஹிஸ்டமின்! மீன் பிடித்ததும் ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா உண்டாக்கும் சமாச்சாரம், அப்புறம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது என்று இருபது வருஷம் பாடம் நடத்தினவன் நான். சமையல்காரர் "நல்லா கொதிக்கவெச்சது சார்" என்று சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மைதான், அதில்தான் சங்கடம். விஜயாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே வேறு ஒரு விஷயத்துக்காக.

பக்கத்து வீட்டு மங்கையக்காவை உனக்குத் தெரியும். நீ வந்தபோது முருங்கைக்கீரை கொடுத்தார்களே, அவர்கள்தான். ஒருநாள் காலையில் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். கல் பொறுக்குகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால், பழுப்பேறின புழுங்கலரிசிக்கு நடுவில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிற மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்கு எறிகிறார்கள். கேட்டதற்கு, "பிளாஸ்டிக் அரிசி தம்பி. கலந்து தர்றானுங்க" என்றார்கள்.

செறிவூட்டின அரிசி. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் நீ கொசுக்காரன், எதற்கும் சொல்லிவைக்கிறேன். நொய்யை மாவாக்கி, இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, சேமியா பிழிகிற மாதிரி மெஷினில் பிழிந்து, அரிசி வடிவத்தில் வெட்டிக் காயவைப்பார்கள். நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு, அதாவது கிலோவுக்குப் பத்து கிராம். சேர்க்கிற இரும்பு ஃபெரிக் பைரோபாஸ்பேட். அரிசியின் நிறம் மாறக்கூடாது என்றுதான் அந்த வெள்ளைப் பொடியைத் தேர்ந்தெடுத்தார்கள். நிறம் மாறவில்லைதான், ஆனால் புழுங்கலுக்கு நடுவில் அந்த வெள்ளையே காட்டிக் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதற்காகச் சேர்க்கிற மணிகள் முழுக்க மங்கையக்கா வீட்டுக் கோழிகளுக்குப் போகின்றன. எங்கள் தெருவிலேயே ரத்தசோகை இல்லாத ஜீவன் என்றால் அந்தச் சிவப்புச் சேவல்தான்.

"கோழி திங்குதே அக்கா, பிளாஸ்டிக்னா திங்குமா?" என்று மடக்கினேன். அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கோழி கல்லக்கூடத் திங்கும் தம்பி." பதிலே இல்லை என்னிடம்.

அப்புறம் விசாரித்தால், தண்ணீரில் போட்டுப் பார்த்தார்களாம், சில மணிகள் மிதந்தனவாம். பல்லில் கடித்துப் பார்த்தார்களாம், மற்ற அரிசி மாதிரி நறுக்கென்று உடையவில்லையாம். நெருப்பில் காட்டினார்களாம், கருகியதாம். தனியாக ஒரு கைப்பிடி வேகவைத்தும் பார்த்தார்களாம். மாணிக்கம், நம் எம்.எஸ்ஸி. பையன்களில் எத்தனை பேர் ஒரு பொருளை நான்கு விதமாகச் சோதித்துவிட்டு முடிவுக்கு வந்தார்கள்? அக்கா பார்த்ததில் தப்பே இல்லை. அந்த மணிகள் நிஜமாகவே வேறுதான். சோதனையில் ஒன்றே ஒன்றுதான் குறை, பக்கத்தில் வைத்து ஒப்பிட வேறொன்றையும் எரித்துப் பார்க்கவில்லை.

அதை நான் செய்தேன். அடுப்பைப் பற்றவைத்து, இடுக்கியில் முதலில் வெள்ளை மணி. கருகிப் பொசுங்கியது, அடிப்பிடித்த சோற்று வாசம். அடுத்து அதே முறத்திலிருந்து சாதா அரிசி. அதே கருகல், அதே வாசம். மூன்றாவதாகப் பால் கவரிலிருந்து கிள்ளிய துண்டு. உருகிச் சொட்டி, மூக்கை அரிக்கிற புகை. அக்கா மூன்று தடவையும் குனிந்து முகர்ந்து பார்த்தார்கள். "சரி, பிளாஸ்டிக் இல்ல" என்றார்கள். நான் மிதப்பாக எழுந்தேன். உடனே அடுத்த கேள்வி: "எங்க அம்மா குத்தின அரிசில தவிடு இருந்துச்சு. அதைத் தீட்டித் தீட்டி எடுத்துட்டு, இப்ப மாவு உருட்டிச் சத்து சேக்கறீங்களா?"

சுருக்கென்றது, சூரை மீன் மாதிரியே. அரைகுறையாக ஒரு பதில் சொன்னேன். பி12 எந்த அரிசியிலும் கிடையாது, தவிட்டிலும் கிடையாது, மீன், முட்டை, பாலில்தான் என்று. ஆனால் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. இதே கேள்வியை வைத்துத்தானே என் ஊட்டச்சத்துத் துறையே பிறந்தது? 1890 வாக்கில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் கால் விளங்காமல் போகிற பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சின தீட்டிய அரிசிச் சோற்றைப் போட, அவை கால் விளங்காமல் விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர் "ராணுவச் சோறு கோழிக்குக் கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட, பழையபடி தீட்டாத அரிசி போட்டார்கள், கோழிகள் எழுந்து நடந்தன. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரருக்கு என்ன கிடைத்ததோ.

நம் பக்கத்துக் கதை இன்னும் ருசி. மதராஸ் மாகாணத்தில் பெரிபெரி அதிகம் வாட்டியது பச்சரிசி சாப்பிட்ட வடக்குக் கடற்கரை ஜில்லாக்களைத்தான். புழுங்கல் சாப்பிட்ட நம் ஜில்லாக்கள் தப்பித்தன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயமின் (பி1 வைட்டமின், அது குறைந்தால்தான் பெரிபெரி) மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. இந்த நோயை ஆராயத்தான் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி விசாரணை என்று தொடங்கினார்கள். அது வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். இதை அக்காவிடம் சொன்னேன். "அதான் அவிச்சு வெச்சாங்க எங்க ஆத்தா" என்றார்கள், நூறு வருஷ ஆராய்ச்சியை ஒரு தலையாட்டலில் வாங்கிக்கொண்டு.

அன்று ராத்திரி எனக்கு உன் நினைவுதான். 1981லிருந்து 85 வரை பாண்டியில் யானைக்கால் நோய்க்கான கொசு ஒழிப்புத் திட்டம் நடந்த காலம். ஒருமுறை நானும் உன்னோடு முத்தியால்பேட்டைக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி விரலைக் குத்தி ரத்தம் கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஒரு வீட்டில் ரத்தத்தை விற்கிறார்கள் என்று சொல்லி நாயை அவிழ்த்துவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பாட்டி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "பகல்ல இல்லாத நோவு ராத்திரிக்கு மட்டும் ரத்தத்துல வருமா?" நீ டார்ச்சை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாய். யானைக்கால் குஞ்சுப் புழு பகலெல்லாம் நுரையீரலில் ஒளிந்திருக்கும், கொசு கடிக்கிற நேரம் பார்த்து வெளியே வரும் என்று கதை மாதிரி சொன்னாய். "புழுவுக்கு மணி தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள் பாட்டி. யானைக்கால் புழுவை ஆராய்ந்த பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் சீனாவில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வியும் ஏறக்குறைய அதுதான்.

நம் ரெஜிஸ்டரில் 'மறுத்தவர்கள்' என்று ஒரு பத்தி இருந்தது. 'கேட்ட கேள்வி' என்று ஒரு பத்தி வைத்திருந்தோமா? நாய் அவிழ்த்தவரும் பாட்டியும் ஒரே கணக்கில்தான் விழுந்திருப்பார்கள், நீ அரை மணி நேரம் உட்காராமல் போயிருந்தால். விழிப்புணர்வு இல்லை என்று அறிக்கையில் எழுதிவிட்டு எத்தனை தெருக்களைத் தாண்டிப் போயிருப்போம் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாண்டியில் உங்கள் கொசு ஆராய்ச்சி மையத்தில் டெங்கு கொசுவுக்குள் வோல்பாக்கியா பாக்டீரியாவை ஏற்றி வளர்த்திருக்கிறார்களே, அதற்கும் இந்தக் கதி வரும் பார். பாக்டீரியா இருக்கிற கொசுவுக்குள் வைரஸ் சரியாகப் பெருகாது, நல்ல யோசனைதான். ஆனால் வெளியில் விட அனுமதி கிடைத்து, ஒருநாள் பெட்டியோடு தெருவுக்குப் போனால், "இத்தனை வருஷம் கொசுவைக் கொல்ல வந்தீங்க, இப்ப விட வந்திருக்கீங்களா?" என்று முதல் வீட்டிலேயே கேட்பார்கள். பழைய ஆட்களை ஆலோசனைக்குக் கூப்பிட்டால் நீ போ. டார்ச்சை அணைத்துவிட்டுப் படியில் உட்காரச் சொல்லிக் கொடு.

உன் பேத்தி பயோடெக்னாலஜியா, உணவுத் தொழில்நுட்பமா என்று என்னிடம் கேட்டாள். எதைப் படித்தாலும் கையில் ஒரு கேள்வி இருக்கட்டும் என்றேன், அவளுக்கு அது போதவில்லை. தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சொன்னேன். இன்று பெரிய பெயர், 1967இல் நெல் பதனிடுவதற்காக ஆரம்பித்தது, மழையில் நனைந்து வரும் குறுவை நெல்லை என்ன செய்வது என்ற தலைவலிதான் அதற்கு மூலம். அப்படிப் பார்த்தால் பண்ருட்டியில் சீசனில் மலிந்துபோகிற பலா ஒருத்தியின் ஆயுளுக்குப் போதும். பலாவில் ஆராய்ச்சியா என்று முகம் சுளித்தாள். நீயே பேசிக்கொள்.

மங்கையக்கா கதை முடியவில்லை. அவர்கள் பேத்தி ஏழாம் வகுப்பு. பள்ளியில் ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 9.8. பன்னிரண்டு இருக்க வேண்டிய வயது. அக்கா அந்த எண்ணைத் தினசரி காலண்டரின் அட்டையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். "ஆறு மாசம் இந்த அரிசியப் பொறுக்காம ஆக்கிப் போடறேன். ஏறுதான்னு பாக்கலாம்" என்கிறார்கள். பள்ளியில் வாராவாரம் இரும்புச் சத்து நீல மாத்திரையும் கொடுக்கிறார்களே, ஏறினால் அரிசியாலா மாத்திரையாலா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எனக்கு மாத்திரை இல்லியே. எனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லு" என்றார்கள். நாளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

காலண்டரில் இரண்டாவது எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஜூலையில் எழுதுகிறேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. சூரை மட்டும் வேண்டாம், சங்கரா வாங்குகிறேன்.

உன்,
சபாநாயகம்